டஜன் கணக்கில்தான் விற்கும்

கவிதையும் கதையும் பேசக் கூடும் இடத்தில் ஒரு மடக்கு மேசையைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். பொறுத்தருள வேண்டும். படித்து முடித்தபின் இது இங்கே இருக்க வேண்டியதில்லை என்று தோன்றினால் அதையும் சொல்லலாம். நம்மிடம் அப்படிச் சொல்லும் பழக்கம் உண்டு என்பதே இக்கட்டுரையின் பாடுபொருள்.

1961ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ஒருவர் தம் வீட்டுக்குத் துணி அலமாரி ஒன்றைத் தாமே செய்துகொண்டிருந்தார். பலகையை அறுக்க அணைப்பு வேண்டும். பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. சுவீடனில் செய்த, விலை உயர்ந்த நாற்காலி. அதன்மேல் பலகையை வைத்து வாளை இழுத்தார். பலகை அறுந்தது, நாற்காலியும் சேர்ந்து அறுந்தது. நம்மில் பெரும்பாலோர் நாற்காலியைப் பரணில் ஏற்றிவிட்டு, வீட்டாரிடம் சொல்ல ஒரு பொய்யைத் தேடியிருப்போம். அவருக்கு எழுந்தது வேறொரு கேள்வி. மரத்தை அறுக்க நாம் ஏன் நாற்காலியைத் தேடிப் போனோம்?

அவர் பெயர் ரான் ஹிக்மன். 1932இல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் கிரேடவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். இருபதுகளின் தொடக்கத்தில் இலண்டனுக்கு வந்தார். ஃபோர்டு நிறுவனத்தில் களிமண்ணில் கார்களின் உருவத்தைச் சமைக்கும் வேலை கிடைத்தது. அந்த வேலையில் இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் லோட்டஸ் என்னும் சிறிய நிறுவனத்தின் எலைட் காருக்குக் கைகொடுத்தார். பிறகு அங்கேயே சேர்ந்துவிட்டார். லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் எடை என்பதைப் பகையாகக் கருதியவர். ஹிக்மன் அவரிடம் இருந்தபோது உருவானதுதான் 1962இல் வெளிவந்த எலான். நடுவே முதுகெலும்பு போல ஓடும் ஒற்றை எஃகுச் சட்டம். அதன்மேல் கண்ணாடியிழை உடல். மொத்த எடை ஏறத்தாழ 700 கிலோ. கார்களைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். தெரிந்தவர்கள் அந்தக் காரைப் பற்றி எழுதும்போது மட்டும் அவர்களுடைய உரைநடை தானாகவே மேம்பட்டுவிடுவதைக் கவனித்திருக்கிறோம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். அந்நாளில் லோட்டஸ் தன் கார்களை முழுமையாகவும் விற்றது. பகுதி பகுதியாகப் பெட்டியில் இட்டும் விற்றது. பகுதிகளாக வாங்கினால் அக்காலத்து விற்பனை வரி இல்லை. வாங்கியவர் தம் வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தாமே பூட்டிக்கொள்ள வேண்டும். தொழிலாளி அல்லாத ஒருவன், தக்க இடமும் கருவியும் இல்லாமல், மாலை நேரத்தில் எப்படித் திண்டாடுவான் என்பதைச் சிந்தித்தாக வேண்டிய ஒரு நிறுவனத்தில்தான் ஹிக்மன் பொறுப்பில் இருந்தார். நாற்காலியை அறுத்த கையும் அத்தகைய கைதான். இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவது நம் ஊகம். ஆனால் ஆதாரமற்ற ஊகமென்று நாம் நினைக்கவில்லை.

தச்சனுக்குப் பணிமேசை மூன்று உதவிகளைச் செய்கிறது. மரத்தைத் தாங்குகிறது, மரத்தைப் பிடித்துக்கொள்கிறது, தான் நகராமல் இருக்கிறது. மூன்றாவது எளிதாகத் தோன்றும், ஆனால் அதுவே கடினம். இழைப்புளியை முன்னோக்கித் தள்ளும்போது அந்த விசை முழுவதும் மேசையைத்தான் தள்ளுகிறது. ஐரோப்பியத் தச்சர்கள் இதற்குக் கண்ட விடை எடை. 1769 முதல் 1775 வரை பாரிசில் வெளிவந்த தச்சுக்கலை நூலில் ரூபோ என்பவர் வரைந்து காட்டிய பணிமேசையைப் பார்த்தால் விளங்கும். அடிமரத்திலிருந்து ஒரே துண்டாக எடுத்த கனமான பலகை, தூண் போன்ற கால்கள். ஒருவரால் அசைக்க முடியாது. அசைக்க முடியாமல் இருப்பதே அதன் தகுதி. அதைப் போட ஒரு பட்டறை வேண்டும். பட்டறை போட இடம் வேண்டும். இடம் இல்லாதவன் நாற்காலியைத் தேடுகிறான்.

ஹிக்மன் செய்தது என்ன? மேசைக்கு ஒரு பக்கத்தில் பிடிப்புக் கருவியைப் பொருத்துவதுதான் வழக்கம். பட்டறைகளில் நாம் ‘வைஸ்’ என்று சொல்லும் அதே கருவி. அவர் மேசையின் மேற்பரப்பையே இரண்டு நீண்ட பலகைகளாகப் பிரித்தார். ஒன்று நிலையாக நிற்க, மற்றது அதை நோக்கி நகரும். அப்படியானால் மேசை முழுவதுமே ஒரு வாய். எந்த இடத்திலும் மரத்தைக் கவ்வலாம். நகரும் பலகையின் இரண்டு முனைகளிலும் தனித்தனித் திருகும் கைப்பிடியும் வைத்தார். ஒரு முனையை அதிகமாகவும் மறுமுனையைக் குறைவாகவும் திருகினால் வாய் கோணலாகத் திறக்கும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த மரத்தையும் அது பிடித்துக்கொள்ளும். கீழே, கால் வைத்து ஏற ஒரு படி. இந்தப் படியில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. மேசைக்கு எடை வேண்டும், தூக்கிச் செல்ல எடை கூடாது என்ற முரணை அவர் இப்படித் தீர்த்தார்: எடை மேசையில் இருக்க வேண்டியதில்லை, அறுக்கிறவனிடமே இருக்கிறது; அவன் படியில் ஒரு காலை ஊன்றி நின்றால் போதும். வேலை முடிந்ததும் மடித்துச் சுவரில் சாய்த்து வைக்கலாம்.

ஒரே உறுப்பு இரண்டு வேலை செய்கிறது. வேண்டாத எடை வெளியேறுகிறது. எலானின் முதுகெலும்பை வகுத்த அதே மனம் இது. ஒரு கவிஞனின் முதல் தொகுதியையும் இரண்டாம் தொகுதியையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது, பாடுபொருள் மாறினாலும் மூச்சு மாறாமல் இருப்பதைக் காண்கிறோம் அல்லவா? ஒரு வடிவமைப்பாளரின் வாழ்க்கையையும் அப்படி வாசிக்க முடியும். கருவிகளை வாசிக்க நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு தனிப்பாடலுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடுகிறோம். கையில் பிடித்திருக்கும் கருவியை ஆக்கியவர் யார் என்று ஒருநாளும் கேட்பதில்லை.

1967இல் ஹிக்மன் லோட்டஸை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு தம் மேசைக்குக் காப்புரிமை கோரினார். நிறுவனங்களை அணுகினார். தச்சுக் கருவிகளில் பெரும்பெயர் பெற்ற ஸ்டான்லி மறுத்தது. இது நூற்றுக்கணக்கில் விற்காது, டஜன் கணக்கில்தான் விற்கும் என்பது அங்கிருந்து கிடைத்த கணிப்பு. பிளாக் அண்ட் டெக்கரும் முதலில் மறுத்தது. வேறு சில நிறுவனங்களும் அப்படியே. ஹிக்மன் தாமே செய்து, தொழிற்கண்காட்சிகளுக்குத் தூக்கிச் சென்று, கட்டட வேலைக்காரர்களிடம் நேரடியாக விற்றார். பதிப்பாளர் கைவிட்ட நூலைத் தானே அச்சிட்டு, துணிப்பையில் போட்டுக் கொண்டு கூட்டம் கூட்டமாக அலைந்த நண்பர்களை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1972இல் பிளாக் அண்ட் டெக்கர் மனம் மாறியது. 1973 முதல் ‘வொர்க்மேட்’ என்ற பெயரில் அந்நிறுவனமே உற்பத்தி செய்தது. விற்கும் ஒவ்வொன்றுக்கும் ஹிக்மனுக்கு ஒரு பங்குத்தொகை என்பது ஏற்பாடு. 2011 பிப்ரவரியில், 78ஆம் வயதில், ஜெர்சி தீவில் அவர் மறைந்தபோது, உலகெங்கும் 3 கோடி மேசைகள் அளவுக்கு விற்றிருக்கும் என்று செய்திகள் மதிப்பிட்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்டான்லியும் பிளாக் அண்ட் டெக்கரும் இணைந்து ஒரே நிறுவனம் ஆகியிருந்தன. டஜன் கணக்கு சொன்ன வீடும் கோடிக்கணக்கில் விற்ற வீடும் ஒரே கூரையின்கீழ் வந்ததை அவர் கண்டுவிட்டுத்தான் போனார்.

இந்த இடத்தில் ஸ்டான்லியைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். இத்தகைய கதைகளை எழுதுவோர் அப்படித்தான் முடிக்கிறார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்டான்லியில் இருந்தவர்கள் முட்டாள்கள் அல்லர். தச்சர்களை நூறாண்டுக்கும் மேலாக அறிந்த நிறுவனம் அது. நல்ல மரவேலைக்காரர் ஒருவரிடம் இந்த மடக்கு மேசையைக் காட்டினால் இன்றும் அவர் உதட்டைப் பிதுக்குவார். கனமான இழைப்பு வேலைக்கு அது ஆடத்தான் செய்யும். முதலில் வந்தவற்றில் அலுமினிய வார்ப்புச் சட்டங்கள் இருந்தன. பிற்பாடு மலிவு கருதித் தகட்டு எஃகுக்கு மாற்றியபோது உறுதியும் ஒரு படி இறங்கியது என்று குறைப்படுவோர் இருக்கிறார்கள். தச்சர்களை மட்டும் எண்ணினால் டஜன் கணக்கு என்பது பெரும்பிழையன்று.

பிழை, எண்ணியதில் இல்லை. யாரை எண்ணுவது என்பதில் இருந்தது. ‘பணிமேசை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?’ என்று கேட்டால் விற்பனைப் பேரேட்டைப் புரட்டி விடை சொல்லிவிடலாம். ‘பணிமேசை இல்லாமல் நாற்காலியை அறுத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்?’ என்ற கேள்விக்கு எந்தப் பேரேட்டிலும் விடை இல்லை. அவர்கள் யாருக்கும் வாடிக்கையாளர் அல்லர். தம் குறை இன்னதென்றே அவர்களுக்குத் தெரியாது. தமக்குக் கைராசி இல்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அக்காலத்து இங்கிலாந்தில் அத்தகையோர் பெருகிக்கொண்டிருந்தார்கள். 1962இல் பாரி பக்னல் என்பவர் பிபிசி தொலைக்காட்சியில் பாழடைந்த ஒரு வீட்டை வாரந்தோறும் புதுப்பித்துக் காட்டினார். அதைப் பார்த்தவர்கள் படிக்கட்டிலும் சமையலறைத் தரையிலும் மண்டியிட்டுப் பலகை அறுத்தார்கள். அமெரிக்காவில் 1946இலேயே வீட்டுப் பயன்பாட்டுக்கென்று துளைக்கருவி விற்கத் தொடங்கிய பிளாக் அண்ட் டெக்கருக்குக்கூட, அவர்களுக்கெல்லாம் ஒரு மேசை வேண்டும் என்பது உடனே விளங்கவில்லை.

விற்பனை எண்ணிக்கையா மேன்மைக்குச் சான்று என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். முந்நூறு படிகள் அச்சான சிற்றிதழ்களில் வளர்ந்தவர்கள் நாம். நம்மிடம் கோடிக்கணக்கைக் காட்டி எதையும் நிறுவிவிட முடியாது. அந்த மேசை டஜன் கணக்கிலேயே விற்றிருந்தாலும் அந்தப் படியின் சூட்சுமம் குறைந்திருக்காது. எண்ணிக்கையை வைத்து ஒன்றைப் புகழ்வது எவ்வளவு தவறோ, ‘யாருக்கு வேண்டும் இது?’ என்று எண்ணிக்கையைச் சொல்லி ஒன்றை வாசலிலேயே நிறுத்துவதும் அவ்வளவு தவறு. முதல் தவறைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது. இரண்டாவதை நாமே செய்கிறோம்.

மேசை நன்றாக விற்கத் தொடங்கியதும் போலிகள் வந்தன. ஹிக்மன் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. ‘ஹிக்மன் எதிர் ஆண்ட்ரூஸ்’ என்ற வழக்கு ஆங்கிலேயக் காப்புரிமைச் சட்டம் படிப்போருக்குத் தெரிந்த ஒன்று. எதிர்த்தரப்புகள் இத்தகைய வழக்குகளில் எடுக்கும் வாதம் இதுதான்: இது தொழில் தெரிந்த யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியது, ஆகவே புதுமை இல்லை. காப்புரிமை நிலைத்தது. முதலில் இதை யாரும் வாங்க மாட்டார்கள் என்றார்கள். பின்னர் இது யாருக்கும் தோன்றியிருக்கும் என்றார்கள். சொன்னவர்கள் வெவ்வேறு ஆட்கள்தாம். ஆயினும் ஒரு புதிய ஆக்கம் தன் வாழ்நாளில் கேட்க நேரும் இரண்டு வசைகள் இவையே. எளிமையான கவிதை எழுதுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொருவர் கதையையும் இதன் அருகில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இரும்பு இழைப்புளியின் அலகைச் சக்கரம் போன்ற ஒரு திருகினால் மயிரிழையளவு ஏற்றி இறக்கும் அமைப்பு உண்டல்லவா? அதற்கு 1867இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான லெனர்டு பெய்லி. 1869இல் அவருடைய தொழிலை ஸ்டான்லி வாங்கியது. சில ஆண்டுகளில் பிணக்கு முற்றிப் பிரிந்து, அவர் போட்டியாக வேறு இழைப்புளிகளைச் செய்தார். அந்தத் தொழிலும் பின்னாளில் ஸ்டான்லியிடமே போய்ச் சேர்ந்தது. ஆனால் ஸ்டான்லியின் இழைப்புளிகளில் ‘பெய்லி’ என்ற பெயர் வார்ப்பெழுத்தில் நின்றது. பெய்லிக்குப் பெயர் நிலைத்தது, தொழில் நிலைக்கவில்லை. ஹிக்மனுக்குச் செல்வம் நிலைத்தது; 1994இல் அரசி விருதும் தந்தார்; ஆனால் மேசையின் பெயர் தெரிந்தவர்களில் அவர் பெயர் தெரிந்தவர் சிலரே. இரண்டில் எது மேல்? எழுதுகிறவர்களிடம் இதைக் கேட்டால் எல்லோரும் பெய்லியின் பக்கம் சாய்வதாகச் சொல்வார்கள். நாம் அவ்வளவு நம்புவதில்லை.

இனி இதையெல்லாம் எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் முதுகலை பயின்ற ஒரு மாணவர், இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு ஒன்றைக் கொண்டு வந்தார். அவருடைய தந்தை தச்சர். தந்தை வேலை செய்யும்போது பேசும் சொற்களைத் தொகுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பாதி வரை எழுதியே வைத்திருந்தார். உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் என்று நமக்குத் தெரிந்த சொற்கள் முதல் பக்கத்தோடு முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு வந்தவை நாம் கேளாதவை. அவருடைய தந்தை தரையில் அமர்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்து அறுப்பவர். விரலிடுக்கில் பிடிப்பது, குதிகாலால் மிதிப்பது, இரண்டு பாதங்களுக்கிடையே நெரிப்பது என்று ஒவ்வொரு பிடிக்கும் அவரிடம் ஒரு சொல் இருந்தது.

நாம் கேட்டது இது: “இதை யாரப்பா படிப்பார்கள்? பத்துப் பேர் இருப்பார்களா?”

அவர் வாதிடவில்லை. “சரிங்க ஐயா” என்றார். பிறகு ஒரு காப்பியத்தின் உவமைகளைப் பற்றி ஆய்வேடு எழுதி நல்ல மதிப்பெண் பெற்றார். அந்த ஆய்வேட்டை வாசித்தவர்கள் மொத்தம் மூவர்: நாம், புறத்தேர்வாளர், தட்டச்சு செய்தவர். பத்துக்கு ஏழு குறைவு.

சென்ற மாதம் அவர் நம்மைப் பார்க்க வந்திருந்தார். இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியர். ஹிக்மனைப் பற்றி அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தோம். மேசையின் படத்தைக் காட்டி, கீழே உள்ள படி எதற்கென்று விளக்கினோம். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “எங்கப்பா கால் செய்யற வேலைதானே ஐயா இது?” என்றார். அவர் குரலில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. மேற்பரப்பு வாயாக மாறியதை நாம் அரைமணி நேரம் வியந்து விளக்கியிருந்தோம். அவரோ நேராகக் காலுக்குப் போய்விட்டார்.

அந்த நோட்டு இருக்கிறதா என்று கேட்டோம். வீடு மாறியபோது போய்விட்டது என்றார். தந்தையிடம் மறுபடி கேட்டு எழுதலாமே என்றோம். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. பாதங்களுக்கிடையே நெரிக்கும் பிடிக்கு ஒரு சொல் இருந்ததே என்று இருவரும் யோசித்துப் பார்த்தோம். இரண்டெழுத்துச் சொல் என்பது நம் நினைவு. மூன்றெழுத்து என்கிறார் அவர்.